மூன்று நரித்தோலும் மோசஸ் சாரும்

மோசஸ் சார் வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் நாள் கோல்டன் கேட் பாலம், மறுநாள் சான் ஹோசேயில் இருக்கும் எகிப்திய மியூசியம். வந்தவருக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் இந்த வரிசை மாறாது. ஆட்கள் கூடிவிட்டால் என் ஸ்டேஷன் வேகனைக் கேட்பார். வண்டியோடு நானும் போகவேண்டும். எனக்கு மம்மி என்றாலே ஆகாது. செத்தவர்களைப் பொழுது சாய்வதற்குள் அனுப்பிவைத்துவிட்டுத் தலைமுழுகுகிற குடும்பம் எங்களுடையது. துணியைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டியில் கிடத்தி, டிக்கெட் போட்டுக் காட்டுவதில் என்ன ரசனை இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சான்டா கிளாராவில் எங்கள் அபார்ட்மென்டுக்கு எதிர் அபார்ட்மென்ட் அவர்களுடையது. என் கணவர் பசுபதி வேலை பார்த்த சிப் கம்பெனியில் மோசஸ் சார் டிராஃப்ட்ஸ்மேன். சர்க்யூட் படம் வரைவது வேலை. பல்பல்லாக ஒரு கோடு போட்டால் அது ஒரு சாமான், இரண்டு கோடு எதிரெதிரே போட்டால் அது வேறு சாமான். “ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு அர்த்தம் உண்டு, பாத்துக்கிடுங்க. தெரியாதவனுக்கு எல்லாம் கோலம்தான்” என்பார். கோலத்துக்கு அர்த்தம் கிடையாது என்று யார் சொன்னது என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் சண்டை போடமாட்டார். தலையை ஆட்டிவிட்டு டீ குடிப்பார். இப்படிப்பட்ட ஆளோடு எவ்வளவு நேரம் சண்டை போடமுடியும்?

அவர் மனைவி ஜெயகுமாரி நர்ஸ். ஒரே மகள் ஜோசபின், கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவள். தமிழில் சொன்னால் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

மோசஸ் சார் பிறந்தது எங்கே என்று யாருக்கும் தெரியாது. கிடைத்தது பாளையங்கோட்டையில். கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் அநாதை இல்லத்தின் வாசலில், ஒரு பனையோலைப் பெட்டியில். பைபிளில் ஆற்றோரம் ஒரு பெட்டியில் கிடைத்த பிள்ளைதான் மோசஸ். பெட்டியில் கிடைத்த ஆண்பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும்போது இனிஷியல் கேட்டிருக்கிறார்கள். இல்லத்து கிளார்க் ‘டி’ என்று போட்டுவிட்டார். ‘டி’ என்றால் என்ன என்று இவர் கேட்டதற்கு, “ஒண்ணுமில்லலே, எழுத வாகா இருந்துச்சு” என்றாராம். இதை எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, மோர் ஊற்றிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார். நான் சோறு பிசைவதை நிறுத்திவிட்டேன். பசுபதி மாத்திரம் கொஞ்சம் ஊறுகாய் கேட்டார்.

இனிஷியல் இல்லாதவன் என்று நம் ஊரில் ஒருவனைச் சொன்னால் அது எவ்வளவு பெரிய வசவு என்று சொல்லத் தேவையில்லை. ஜெயகுமாரிக்கு முன்னால் மோசஸ் சாருக்குப் பேசிய இரண்டு சம்பந்தங்கள், அப்பா பெயர் என்ன என்ற கேள்வியிலேயே கலைந்து போயின. அமெரிக்காவில் அந்த அர்த்தமெல்லாம் கிடையாது என்றாலும் கேள்வி மட்டும் இருந்தது. ‘டி’ என்றால் என்ன என்று பேங்கில் கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னார்: தாமஸ். அன்றிலிருந்து அவருக்கு ஓர் அப்பா. ஜோசபினுக்கும் ஒரு தாத்தா கிடைத்தார். சின்ன வயதில் படம் காட்டச் சொல்லி அழுவாளாம். வெள்ளத்தில் போய்விட்டது என்று ஜெயகுமாரி சமாதானம் சொல்லியிருக்கிறாள்.

எகிப்தின் மேல் அவருக்குப் பைத்தியம் பிடித்ததும் மோசஸ் என்ற தன் பெயரால்தான். மோசஸ் என்பது எகிப்தியச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்கிற அறிஞர்கள் உண்டாம். எங்கேயோ படித்துவிட்டு மியூசியத்துக்குப் போனவர், பிறகு லைப்ரரியில் இருந்த எகிப்திய எழுத்துப் புத்தகம் அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்த எழுத்தில் உயிரெழுத்தே எழுதமாட்டார்களாம், மெய்யெழுத்து மட்டும்தானாம். “உடம்பை எழுதி வச்சிருவாங்க. உயிரை வாசிக்கிறவன் போட்டுக்கிடணும்” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் ஆச்சரியப்படவேண்டும். கத்தரிக்காய் நறுக்குகிற நேரத்தில் ஆச்சரியப்பட எனக்கு வராது.

எண்பத்தெட்டில், நியூ ஜெர்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜோசபின் அங்கே ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையன் ஏசுராஜ், ஊர் மான்மவுத் ஜங்ஷன். அப்பா பிலிப் டாக்டர். அம்மா அல்போன்சா திருச்சிக்காரி, மாதாகோயில் காரியம் எதுவும் அவரில்லாமல் நடக்காது. பையன் தங்கம். அம்மாதான் கேள்வி கேட்பார் என்று முன்கூட்டியே தகவல் வந்துவிட்டது. மோசஸ் சார் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. “இவருக்காகப் புள்ளைக்குக் கல்யாணம் நின்னுபோச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் ஷ்யாமளா?” என்று ஜெயகுமாரி என்னிடம் அழுதாள். தாமஸ் தாமஸாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். முடிவு செய்தது ஜெயகுமாரி. அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார்.

பையனின் அப்பா அம்மா வந்தார்கள். ஜோசபினும் லீவு போட்டு வந்திருந்தாள். முதல் நாள் பாலம். மறுநாள் என் வண்டி.

அல்போன்சா முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃப்ரீவேயில் ஏறினதும் ஆரம்பித்தார். “சம்மந்தி, பத்திரிகை திருச்சியில பிரின்ட் பண்றோம். எங்க சைடுல இனிஷியலை எல்லாம் முழுசா போடறது வழக்கம். உங்க டி-ன்னா என்னங்க?”

“தாமஸ்” என்றாள் பின்னாலிருந்து ஜெயகுமாரி. கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டாள்.

“தாமஸ். நல்ல பேரு. எந்தப் பங்கு, எந்தக் கோயில்?”

நான் இன்டிகேட்டர் போட்டேன். திரும்புவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

“பாளையங்கோட்டைதானே? எங்க மாமா அங்கதான் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனார். அவருக்குத் தெரியாத கத்தோலிக்கக் குடும்பமே கிடையாது. நைட் போன் பண்ணிக் கேக்கறேன், சந்தோஷப்படுவார்.”

இந்த அம்மாவை அடுத்த எக்ஸிட்டில் இறக்கிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன்.

மியூசியத்தில் நுழைந்ததும் முதல் கூத்து. தலையில் வளையம் வைத்த சிலுவை மாதிரி ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. அல்போன்சா அதன் முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

“அது சிலுவை இல்லீங்க. ஆங்க்னு சொல்லுவாங்க. உயிர்னு அர்த்தம்” என்றார் மோசஸ் சார்.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றார் அல்போன்சா. எனக்கு அந்த அம்மாவைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

அடுத்து வண்டு. பச்சைக் கல்லில் அழகாகச் செதுக்கியிருந்தது. சாணியை உருட்டிக்கொண்டு போகிற வண்டு, அது சூரியனைத் தினமும் உருட்டிக்கொண்டு வருகிறது என்று நம்பினார்கள், புதிதாக உண்டாவது என்று அதற்கு அர்த்தம் என்று விளக்கினார். டாக்டர் பிலிப் கைகழுவ இடம் எங்கே என்று கேட்டார். அப்புறம் கண். புருவமும் கண்ணீர்க் கோடும் போட்ட ஒற்றைக் கண், காவலுக்கு. திருஷ்டி கழிக்க நாம் பூசணிக்காய் கட்டுகிறோம், அவர்கள் கண்ணையே கட்டினார்கள் என்றேன் நான். சேர்ந்து வந்து பழகினதில் நானும் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

பிறகு தராசுப் படம். ஒரு தட்டில் செத்தவனின் இதயம், இன்னொரு தட்டில் ஓர் இறகு.

“இறகுன்னா உண்மை. உண்மையை விட நெஞ்சு கனமா இருக்கப்படாது” என்றார் மோசஸ் சார்.

“இருந்தா?” என்றார் அல்போன்சா.

தராசுக்குக் கீழே ஒன்று உட்கார்ந்திருந்தது. தலை முதலை, முன்பாதி சிங்கம், பின்பாதி நீர்யானை. “இது தின்னுரும்.”

அல்போன்சா அதைக் குனிந்து பார்த்தார். மோசஸ் சாரும் பார்த்தார். எத்தனையோ தடவை பார்த்த படம்தான். இந்தத் தடவை அங்கிருந்து நகரவில்லை. ஜெயகுமாரி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“சம்மந்தி, இங்க வாங்க. ஒண்ணு காட்டுதேன்” என்று சொல்லி, எழுத்துக்கள் செதுக்கின ஒரு கல்லுக்கு முன்னால் அல்போன்சாவைக் கூட்டிக்கொண்டு போனார் மோசஸ் சார். துடைப்பக் குச்சியை மேலே சேர்த்துக் கட்டினதுபோல ஒரு குறி. “இது மூணு நரித்தோலு. சேத்துக் கட்டியிருக்கு. பிறந்ததுன்னு அர்த்தம். எதுக்கு நரித்தோலுன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. ம, ஸ ரெண்டு எழுத்து. மோசஸ்ல இருக்கிறது இதுதான்னு சொல்லுதாங்க.”

“அப்ப உங்க பேரா இது!”

“ஆமா. ஆனா ராஜாக்கள் இதை மட்டும் தனியா வச்சுக்கிடமாட்டாங்க. முன்னால ஒரு சாமி பேரு இருக்கும். ரா பெத்த பிள்ளை, தோத் பெத்த பிள்ளைன்னு. நம்ம இனிஷியல் மாதிரி.” கொஞ்சம் நிறுத்தினார். “எனக்கு முன்னால யாரும் இல்லீங்க. தாமஸ்னு ஒருத்தர் கிடையாது. நான் அநாதை இல்லத்துல வளந்தவன். அப்பா பேரு, அம்மா பேரு ஒண்ணும் தெரியாது. உங்க மாமாவைச் சிரமப்படுத்தாதீங்க, அவர் தேடினாலும் கிடைக்காது. பொய்யை எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில அச்சடிக்க எனக்கு மனசில்ல.”

ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு மம்மி பார்க்கப் போனது. டாக்டர் பிலிப் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் மருந்துச் சீட்டு எழுதியிருப்பதுபோல.

ஜோசபின்தான் முதலில் வாயைத் திறந்தாள். “யூ செட் தாமஸ்” என்றாள். அவ்வளவுதான். வேகமாக வெளியே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது அல்போன்சா பின் சீட்டில் உட்கார்ந்தார். மறுநாள் விமானம் ஏறும்போது, “போய்ச் சொல்றோம்” என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். எகிப்திய எழுத்து படிக்கவேண்டியதில்லை.

அதன் பிறகு எதிர் வீட்டில் பேச்சு நின்றுபோனது. ஜெயகுமாரி சமைத்து மேஜையில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவாள். ஜோசபின் நியூ ஜெர்சிக்கு வேலைக்குத் திரும்பிவிட்டாள். தினமும் போன் செய்கிறவள் செய்யவில்லை. மோசஸ் சார் என் வீட்டுக்கு வந்து டீ குடித்தார். எகிப்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசினால் எரிச்சல் வரும் எனக்கு, அவர் பேசாதது தாங்கவில்லை. “நீங்க செஞ்சது சரிதான் சார்” என்றேன். “சரின்னு தெரியும் ஷ்யாமளா. புள்ளை கல்யாணம் நடக்கணுமே” என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை நான் எதிர் வீட்டில் இருந்தபோது அல்போன்சா போன் செய்தார். ஜெயகுமாரி ரிசீவரை மோசஸ் சாரிடம் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாவின் குரல் ரிசீவருக்கு வெளியேயும் கேட்கும்.

“சம்மந்தி, மாமாகிட்ட விசாரிக்க வேணாம்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டார். எங்க வீட்டு விஷயம், உங்களுக்கெதுக்குன்னுட்டேன். உங்க பேரை மோசஸ்னே போடறோம். சரிதானே?”

“வெறும் மோசஸ் போதுங்க” என்றார்.

“பொண்ணுகிட்ட இனிமே எதையும் மறைக்காதீங்க. என் வீட்டு கிச்சன்ல உக்காந்து அழுதா. தாத்தா பொய்னு அழல. எங்க அப்பா இத்தனை வருஷம் இதைத் தனியா வச்சிட்டிருந்தார் ஆன்ட்டின்னு அழுதா.”

மோசஸ் சார் ரிசீவரை வைத்தபிறகு வெகுநேரம் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

பத்திரிகைக் கட்டு திருச்சியிலிருந்து நேராக சான்டா கிளாராவுக்கு வந்தது. மஞ்சள் அட்டை, ஊதா எழுத்து, பார்க்கச் சகிக்காத நிறம். பிரித்து ஆளுக்கொன்று எடுத்தோம். ஜோசபின் அமெரிக்காவில் எல்லாக் காகிதத்திலும் ஜோசபின் மோசஸ். அப்பா பெயர் கடைசியில் நிற்கும். இதில் அப்படி இல்லை. “மணமகள்: செல்வி மோ. ஜோசபின்” என்று இருந்தது. ஊர் வழக்கப்படி போடச்சொல்லித் திருச்சி அச்சகத்துக்குத் தன் அரைத் தமிழில் அவளே போன் செய்து சொல்லியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

மோசஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஷ்யாமளா, இந்த மோ-ங்கிறது...” என்றார்.

“நீங்கதான் சார்.”

“நானா இனிஷியலு?” என்று கேட்டுவிட்டு, என் முன்னாலேயே, முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதார்.