கொழுந்தனார் செய்த தந்தி

தெருவில் அவரை வயலினம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வாசிப்பது வயலின் கிடையாது, டபுள் பாஸ். நிறுத்தி வைத்தால் அவரைவிட ஒரு முழம் உயரம், நான்கு தந்தி, அடித்தொண்டையில் பேசுகிற வாத்தியம். இருபது வருஷமாக இந்த விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க வயலினம்மா" என்பார்கள். எப்படியோ கூப்பிட்டுத் தொலையட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் கொண்ட குழுவில் பாஸ். நடன மண்டபத்தில் எல்லார் கண்ணும் கிளாரினெட்காரர் மேல்தான் இருக்கும். பாஸ் ஒன்று பின்னால் நிற்பதே யாருக்கும் தெரியாது. ஆனால் அது நாலு தாளம் வாசிக்காமல் விட்டால் போதும், ஆடுகிறவர்கள் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிப்பார்கள். வயலினம்மாவுக்கு அதில் ஒரு ரகசியத் திமிர் உண்டு.

வாசிப்பது பெரிய காரியமே இல்லை, அதைக் கொண்டுபோவதுதான் காரியம். வீட்டுக்காரர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். அவரிடம் இருப்பது ஒரு சைக்கிள். வாடகைக் கார்க்காரர்கள் பாஸைத் தூரத்தில் பார்த்ததுமே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். கடைசியில் கைகொடுத்தவர் கொழுந்தனார்தான். வீட்டுக்காரரின் ஒரே தம்பி. இறைச்சிக்கடை வைத்திருக்கிறார், மூடிய வேன் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் வேனை இரண்டு தடவை கழுவி, கம்பளி விரித்து, பாஸைப் பிரசவத்துக்குப் போகிற பெண்ணைப்போலப் பார்த்துப் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போவார்.

தங்கமான மனுஷன். ஆனால் ரோஷம் மூக்குக்கு மேல். ஒரு தடவை அண்ணன் சாப்பாட்டு மேஜையில், "உன் கடைக் கறி கொஞ்சம் முத்தலா இருக்குடா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். கொழுந்தனார் ஒன்றரை வருஷம் இந்த வாசற்படி மிதிக்கவில்லை. அந்த ஒன்றரை வருஷமும் பாஸ் வீட்டு மூலையில் நின்றது, வயலினம்மா ஒரு மேடையும் ஏறவில்லை. அண்ணன்காரர் தம்பியை நினைத்து இளைத்தே போனார். அதிலிருந்து கொழுந்தனாரிடம் பேசும்போது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வார்த்தையைச் சல்லடையில் சலித்துத்தான் பேசுவார்கள்.

இந்த நிலைமையில் வயலினம்மாவின் இடது கை மக்கர் பண்ண ஆரம்பித்தது. எஃகுத் தந்தியை அழுத்தி அழுத்தி மணிக்கட்டில் சுரீர் சுரீர் என்று வலி. "வாசிக்கிறதை நிறுத்துங்க, இல்லேன்னா கை தானா நிறுத்திடும்" என்றார் டாக்டர். அன்றைக்கு வயலினம்மா லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, கண்ணில் தூசி விழுந்ததாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே அழுதார்.

வாத்தியம் ரிப்பேர் செய்கிறவர்தான் வழி சொன்னார். "குடல் தந்தி போட்டுப் பாருங்கம்மா. ஆட்டுக்குடல்ல முறுக்கினது. இழுப்பு கம்மி, கைக்கு நோகாது."

அவர் கடையில் மூன்று வகை இருந்தன. வயலினம்மா மூன்றையும் மாட்டச் சொல்லி வாசித்துப் பார்த்தார். முதலாவது மேலே வார்னிஷ் அடித்தது, விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டாவது கயிறு கணக்காகத் தடிமன், ஊருக்கு மூன்று நாள் கழித்துத்தான் சத்தம் கேட்கும் போலிருந்தது. மூன்றாவதில் மெல்லிய தந்தி இரண்டும் பூச்சில்லாத வெறுங்குடல், கனத்த தந்தி இரண்டும் குடலின்மேல் கம்பி சுற்றியவை. சுண்டினார். எஃகுத் தந்தி என்றால் நொய்யென்று இழுத்துக்கொண்டே கிடக்கும். இது "தும்" என்று சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. சொந்தக்காரர்களில் இப்படி ஒருத்தராவது இருக்கக்கூடாதா என்று அவருக்குத் தோன்றியது. பாதி பலம் கொடுத்தாலே தந்தி படிந்தது. மணிக்கட்டு மூச்சுக்காட்டவில்லை. புது செட்டுக்குச் சொல்லிவிட்டு, வெளியூரிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

வந்த இடத்தில் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அவளுக்கு ஆட்டுக்குடல்ல தந்தி வேணுமாம்டா."

"குடலா? அண்ணி, நான் தினம் வாளி வாளியாக் கொட்டுறேன்! ஏன் என்கிட்ட சொல்லல?"

"இல்ல தம்பி, அது வந்து…" மேஜைக்கு அடியில் வீட்டுக்காரர் வயலினம்மாவின் காலை மிதித்தார். "உங்களுக்கு எதுக்கு சிரமம்னுதான்."

"என்ன சிரமம்? உங்க கைக்கு வலின்னா நான் பாத்துக்கிட்டு இருப்பேனா?"

அதற்குமேல் யார் பேசமுடியும்?

மூன்று ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வீடு அமளிதுமளிப்பட்டது. குடலை அலசினார், சுரண்டினார், ஊறவைத்தார். நாற்பது குடலை ஒன்றாகச் சேர்த்துச் சுவரில் துளைபோடுகிற மெஷினில் கட்டி முறுக்கினார். ஒரு முனையை வாசல் கேட்டிலும் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயிலும் கட்டி, நடுவில் செங்கல்லைத் தொங்கவிட்டுக் காயப்போட்டார். சுற்றுவட்டாரப் பூனைகள் மதில்மேல் உட்கார்ந்து பொதுக்குழு நடத்தின. அவர் மனைவி கொடியில் கிடந்த துணியை உருவிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவர், தந்தி காய்ந்த பிறகுதான் திரும்பி வந்தார்.

தந்தி வந்து சேர்ந்தது. ஒரு இடத்தில் கட்டைவிரல் கனம், அடுத்த இடத்தில் எலிவால். நான்கில் ஒன்றுதான் பாஸில் ஏறியது. வயலினம்மா சுண்டினார். டொக்கென்றது. வீட்டுக்காரர் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். மறுபடி டொக். மறுபடி போனார். மூன்றாம் நாள் அது நாறவும் தொடங்கியது.

நல்லவேளையாக அதே வாரம் வெளியூர் செட்டும் வந்துவிட்டது. ரிப்பேர்க்காரர் தந்தி உட்காருகிற மேல்கட்டையின் பள்ளங்களை அராவி அகலப்படுத்தி மாட்டிக்கொடுத்தார். புதுக் குடல் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. நான்கு நாள் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை, அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு ஒரு தடவை என்று முறுக்கிக்கொண்டே இருந்தார். கொழுந்தனார் செய்ததைக் கந்தலில் சுற்றிக் குப்பையில் போட்டாயிற்று.

சனிக்கிழமை வேன் வந்தது. கொழுந்தனாரும் மனைவியும் மனைவியின் தங்கையும் இறங்கினார்கள். கொழுந்தனார் நேரே பாஸிடம் போனார். "இது என்னோடதா அண்ணி?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை வருஷம் கண்முன் வந்து நின்றது.

"பின்ன? நீங்க செஞ்சதேதான் தம்பி."

கொழுந்தனார் தந்தியைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை தடவினார். அப்புறம் கீழிருந்து மேல்வரை இன்னொரு தடவை. மனுஷன் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று வயலினம்மா நினைத்தார். பாவமாகத்தான் இருந்தது.

அன்றைக்குக் கச்சேரி கனகச்சிதம். மூன்று மணி நேரத்தில் கை ஒருதடவைகூட முனகவில்லை. இடைவேளையில் எட்டிப்பார்த்தால், கொழுந்தனார் பின்வரிசையில் ஒரு தாடிக்காரரைப் பிடித்துவைத்துக்கொண்டு, "அது நான் முறுக்கினது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாடிக்காரர் பெரிய இசைக்குழுவில் பாஸ் வாசிக்கிறவர். மேடைக்கு வந்து தந்தியைத் தொட்டுப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். எனக்கு ஒரு செட் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

இரண்டு வாரம் கழித்துத் தாடிக்காரர் ஃபோன் செய்தார். "அம்மா, உங்க கொழுந்தனார் சாதாரண ஆள் இல்லை. நாலு தடவை கேட்டுட்டேன். ஏத்த ஆடு இன்னும் அமையலையாம். மேட்டுல மேய்ஞ்ச ஆடாம், அதுவும் இடதுபக்கமா திரும்பிப் படுக்கிற ஆடாம். இப்படிப்பட்ட கலைஞரை நான் பாத்ததே இல்லை. நீங்க கொஞ்சம் சிபாரிசு பண்ணணும்."

கொழுந்தனார் நிஜமாகவே ஆடு தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து வயலினம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்தது அந்த டொக் டொக் தந்தி இசைக்குழுவுக்குப் போகும், ஊர் கூடிச் சிரிக்கும், சிரிப்பெல்லாம் கொழுந்தனார் தலையில் விழும். வேன் போனால் போகட்டும், மேடையும் போகட்டும். அந்த மனுஷனைக் கேலிப்பொருளாக்கிவிட்டு என்ன வாசிப்பு வேண்டியிருக்கிறது என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மறுநாள் காலை நேரே இறைச்சிக்கடைக்குப் போனார்.

"தம்பி, அந்தத் தந்தி நீங்க செஞ்சது இல்ல. வெளியூர்லேர்ந்து வரவழைச்சது. உங்களோடத நான் தூக்கிப் போட்டுட்டேன். பொய் சொல்லிட்டேன்."

கொழுந்தனார் எலும்பை வெட்டிக்கொண்டே, "தெரியும் அண்ணி" என்றார்.

"தெரியுமா? எப்ப?"

"அன்னிக்கே. நான் செஞ்சது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தினம் குடலத் தொடுற கை இது. அது ஒரே கனமா, நேரா இருக்கு. நாத்தமும் இல்ல."

"அப்புறம் ஏன் ஊர் முழுக்க…"

"அத்தனை பேர் முன்னாடி நீங்க சொல்லிட்டீங்க. இல்லன்னு நான் சொன்னா உங்க முகத்தை எங்க வச்சுக்குவீங்க? அதான் நானும் ரெண்டு பேர்கிட்ட சொல்லி வச்சேன். அந்தத் தாடி விடமாட்டேங்கிறான். ஆடு அது இதுன்னு வாய்க்கு வந்ததச் சொல்லிச் சமாளிக்கிறேன்."

வயலினம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினார்.

"அழாதீங்க அண்ணி. விலை கேட்டுட்டு அழறதா வாடிக்கைக்காரங்க நினைப்பாங்க. கை வலிக்குதா இப்ப?"

"இல்ல தம்பி."

"அப்புறம் என்ன?" ஒரு துண்டு எலும்பை ஓரமாகத் தள்ளினார். "தாடிகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க. நான் தந்தித் தொழில விட்டுட்டேன்னு."

அங்கேயே நின்று வயலினம்மா ஃபோன் போட்டார். சொன்னார். அந்தப் பக்கம் தாடிக்காரர் வெகுநேரம் பேசினார்.

"என்ன சொல்றான்?"

"இந்த மாதிரி ஒரு கை இனிமே எப்ப வரப்போகுதுன்னு வருத்தப்படறார் தம்பி."

கொழுந்தனார் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். வாசலில் வாடிக்கைக்காரர்கள் காத்திருந்தார்கள்.

"நிஜமாவா அண்ணி?" என்று கேட்டார்.