திலகா உதைத்த ஆர்கன்

வாசிக்க உட்காருமுன் திலகா முதலில் செருப்பைக் கழற்றுவாள். அடுத்து ஆர்கனின் வலப்பக்கப் பலகையில் ஓர் உதை. அதற்குப் பிறகுதான் சிலுவை அடையாளம். உதை விழாவிட்டால் துருத்தியில் காற்று ஏறாது.

மலேசியாவின் கோலா கெத்தில் ஊர் மாதா கோயிலுக்கு அந்தக் குழாய் ஆர்கனை விட்டுப்போனவர் ஒரு தோட்டத்துத் துரை. சீமைக்குக் கொண்டுபோகக் கப்பல் கூலி கட்டாதாம். திலகா அதைக் 'கெழவன்' என்பாள். குழாய்களில் பல்லி முட்டையிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்க வௌவால் குடியிருந்தது. பிரசங்கத்தின் நடுவே ஏதாவது ஒரு குழாய் தானாக ஊளையிடும். "ஃபாதர் பேசறது அதுக்கே தாங்கல லா," என்பாள். பாசாரில் மீன் கூவி விற்கும் தொண்டை. ரகசியமாகச் சொன்னாலும் பீடம்வரை கேட்கும்.

சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று கெழவனின் துருத்தி மோட்டார் புகைந்தது. தூபம் என்று நினைத்துப் பாதிச் சனம் தலைகுனிந்தது. பினாங்கிலிருந்து வந்த பழுதுபார்ப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, தேநீர் மட்டும் குடித்துப் போனார். கோயில் கமிட்டி ஒரு மின்சார ஆர்கன் வாங்கியது. வாசிக்கத் தலைவரின் மருமகன் ஜெயகுமார்.

ஃபாதர் மீன்கடைக்கே வந்தார். "மனச தேத்திக்க திலகா. எவ்ளோ வருசமா வாசிச்ச பெட்டி."

"கெழவன் போனா என் முட்டிவலியும் போவும் ஃபாதர். அதுக்கா அழுவேன்? கெழவனோட சேத்து என்னையும் ஏன் புவாங் பண்ணித் தூக்கிப் போட்டீங்க? அத சொல்லுங்க."

ஃபாதர் கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டு நடந்தார். அன்று மீதி மீனுக்கு அவள் கூவவில்லை.

புது ஆர்கனின் முதல் ஞாயிறு. திலகா கடைசி வரிசையில், வேலையில்லாத விரல்களால் ஜெபமாலையைப் பிசைந்துகொண்டிருந்தாள். காணிக்கை நேரத்தில் ஜெயகுமார் ஏதோ பட்டனைத் தட்ட, சா-சா-சா நடன மேளம் வெடித்தது. பதறி இன்னொன்றை அழுத்தினான். அது மலாய்க்காரர்களின் ஜோகெட் ஆட்டத்துக்கு மாறியது. காணிக்கைத் தட்டு ஏந்திவந்த சின்னையா தாத்தாவின் நடையும் கூடவே மாறியது. "நிறுத்து, நிறுத்து" என்று ஃபாதர் பீடத்திலிருந்து கையை ஆட்டினார்.

"எத அமுக்கறதுன்னே தெரியலக்கா!" ஜெயகுமார் கிட்டத்தட்ட அழுதான்.

திலகா எழுந்து போனாள். இடுப்பால் ஓர் இடி. அவன் பெஞ்சின் ஓரத்துக்குப் போனான். மேளத்தை அணைக்கப் போகிறாள் என்று கோயிலே மூச்சைப் பிடித்தது. அவள் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு, காணிக்கைப் பாட்டை அந்தத் தாளத்திலேயே எடுத்தாள்.