கோளாறு பல்பிலா, கண்ணிலா

‘ஆடி, கடைசி வெள்ளிக்கு முந்தின புதன். வண்டியின் முன்பல்பு இரண்டும் மாற்றியாயிற்று. வெளிச்சம் அமோகம். இனி வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.’

தினசரி காலண்டரின் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் நான் எழுதி வைத்த குறிப்பு இது. முன்பக்கத்தில் என் ராசிக்கு நேரே ‘நிதானம்’ என்று அச்சாகியிருக்கிறது. சிவகாசியில் காலண்டர் தொழிலில் இருப்பவனுக்கு ராசிபலன் மேல் பெரிய மரியாதை வராது. பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு சொல். டீ குடிக்கப் போகிற அவசரத்தில் அதைக் கம்ப்யூட்டரில் அடிப்பவர் எதை எங்கே தூக்கிப் போடுவார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் புதன்கிழமைக்கு அவர் சரியாகத்தான் போட்டிருந்தார் என்பதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எங்களுடையது சிறிய பட்டறை. ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரிகளைத் தொகுத்து ஆல்பம் போடுவார்கள் அல்லவா, அந்த ஆல்பங்களை பைண்டிங் செய்து கொடுப்போம். அது முடிந்ததும் வெடிக் கம்பெனிகளுக்கு கிப்ட் பாக்ஸ் அட்டைப்பெட்டி செய்து கொடுப்போம். இரண்டையும் சுமப்பது ஒரே பிக்கப் வண்டி. ஆர்டர் பேசுவது என் மனைவி. ஆட்களை விரட்டுவது அவள் தம்பி. வண்டி ஓட்டுவது நான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்வரை நான் முதலாளி. இறங்கிவிட்டால், “அந்தக் கட்டைக் கொஞ்சம் அங்கன நகத்தி வைங்க” என்று ஏவப்படுகிற ஆள். ஆகவே அந்த இருக்கை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

அதற்கு ஆனி மாதத்தில் ஆபத்து வந்தது. வெம்பக்கோட்டை ரோட்டில் பெட்டி மாதிரிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது மசங்கும் நேரம். பக்கத்தில் மனைவி, அவள் மடியில் காராச்சேவுப் பொட்டலம். முன்னால் சோளத்தட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று, பின்விளக்கு என்ற ஒன்றே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் பிரேக் அடித்தபோது சேவு முழுவதும் டேஷ்போர்டில் இருந்தது.

“ஒங்களுக்குத் தெரியலையா?”

“அவன் செவப்பு லைட்டு போடல.”

“எனக்குத் தெரிஞ்சுச்சே. சேவு தின்னுக்கிட்டேதான பாத்தேன்.”

வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்குள் தீர்ப்பு தயாராக இருந்தது. “ஒண்ணு மதுரைக்குப் போயி கண்ணக் காட்டுங்க. இல்லன்னா சாவியத் தம்பிட்ட குடுங்க.”

“கண்ணுல ஒண்ணுமில்ல. பல்பு மங்கிப்போச்சு.”

மைத்துனன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். “அத்தான், பல்புன்னா ஒண்ணு எரியும், இல்ல எரியாது. மங்குறதுக்கு அது என்ன அரிக்கேன் வெளக்கா?”

பல்பு மங்கும் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. எரிய எரியக் கண்ணாடியின் உட்புறம் கறுக்கும், பழைய வயரிங்கில் மின்சாரம் வழியிலேயே குறையும் என்றெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். பாதியில் மைத்துனன் போன் வந்ததாக எழுந்து போனான். போன் வரவில்லை.

ஆகவே பல்பு மாற்றிக் காட்டுவது ஒன்றே வழி. பைபாஸ் ரோட்டில் வண்டி வயரிங் பார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி என் பழைய பல்பைக் கழற்றிப் பார்க்கக்கூட இல்லை.

“அண்ணாச்சி, எல்இடி போட்டுருங்க. ஒங்களுக்கு இனிமே ராத்திரியே கெடையாது.”

“ராத்திரி இருந்துட்டுப் போகட்டும் தம்பி. ரோடு தெரிஞ்சாப் போதும்.”

“போன வாரம் ஒருத்தருக்குப் போட்டுவிட்டேன். எதுத்தாப்ல வந்தவன் வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கிட்டான்னா பாத்துக்கிடுங்க!”

இதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் சிபாரிசாக எடுத்துக்கொண்டேன். வெளிச்சத்தையும் சத்தத்தையும் ‘கொஞ்சம் கம்மியாகக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கும் வழக்கம் எங்கள் ஊருக்கே கிடையாது.

புதுப் பல்பின் வாலில் குட்டியாக ஒரு காற்றாடி இருந்தது. அதனால் பின்பக்க ரப்பர் மூடி பொருந்தவில்லை. கடைக்காரத் தம்பி பிளேடை எடுத்து மூடியில் ஓட்டை போட்டு, “இப்ப கம்பெனி பிட்டிங் மாதிரியே இருக்கு பாருங்க” என்றார். கம்பெனி பிட்டிங்கில் யாரும் பிளேடு போட்டு நான் பார்த்ததில்லை. பழைய பல்புகள் இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டேன். அவற்றை மைத்துனன் தன் காருக்கு இருக்கட்டும் என்று அன்றைக்கே எடுத்துப் போனான்.

விளக்கின் மட்டத்தை நானே சரி செய்தேன். பட்டறைக் குடோன் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, விளக்குக்குப் பின்னாலுள்ள திருகைத் திருகி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டில் வந்து உட்காரும்வரை விடவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் தேதியும் எழுதினேன். மனைவி காப்பி டம்ளருடன் வந்து பார்த்தாள்.

“செவுத்துல நல்லாத்தான் தெரியுது. இனிமே செவுத்துலயா ஓட்டப் போறீக?”

அதன் பிறகுதான் உள்ளே போய் மேற்படி அமோகக் குறிப்பை எழுதினேன்.

மறுநாள் வியாழக்கிழமை, பரீட்சை. சாத்தூர் லாரி ஆபீசில் ஆல்பம் லோடு இறக்க வேண்டும். என்னோடு சாட்சியாக மைத்துனன். ஆல்பம் என்றால் கெட்டி அட்டை, அதன் மேல் வழவழத்தாள். கல் ஏற்றுவதும் அதுவும் ஒன்று. லோடு ஏற்றியதும் வண்டி பின்னால் உட்கார்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதை நான் பார்த்தேன். எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் காலி வண்டியில் மட்டம் பார்த்தோமே என்பது என் தேதிபோட்ட மூளையில் உறைக்கவில்லை.

விடிந்தால் ஆடி கடைசி வெள்ளி என்பதால், இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்து போகும் ஜனம் சாலையோரம் முழுக்க மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகப் போய்க்கொண்டிருந்தது. இருட்டு கட்டியதும் விளக்கைப் போட்டேன். சாலையோரப் புளியமரங்கள் உச்சிவரை பளிச்சென்று எழுந்து நின்றன. ஒரு மரத்தில் காக்கைக் கூட்டின் குச்சி குச்சியாகத் தெரிந்தது. தெரியாமல் இருந்தது சாலை ஒன்றுதான்.

“அத்தான், நல்ல லைட்டு. மேல போற ஏரோப்ளேனுக்கு ரொம்ப ஒத்தாசையா இருக்கும்.”

எதிரே வந்த பஸ் அடுக்கடுக்காக லைட் அடித்துப் பார்த்துவிட்டு நின்றேவிட்டது. ஓட்டுநர் பாதி உடம்பை வெளியே நீட்டி, “டிம் அடிய்யா!” என்று கத்தினார். “இதுதான்யா டிம்மு!” என்று நான் உண்மையைச் சொன்னேன். சந்தேகத்தைத் தீர்க்க பிரைட்டையும் போட்டுக் காட்டினேன். அவர் என் வம்சத்தில் பலரை விசாரித்தார்.

நடந்து போனவர்கள் வேறு முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு தடுமாறினார்கள். சரக்கு ஏற்றியிருந்த ஒருவர் மட்டும் நடுரோட்டுக்கு வந்து, தலைக்கு மேல் கைகூப்பி, “ஆத்தா, இங்கனயே வந்துட்டியா!” என்று விழுந்து கும்பிட்டார். அவரைத் தூக்கி நிறுத்திய அம்மாள் என் பக்கம் திரும்பினாள். “ஏலே, கண்ணவிஞ்சவனே! நடக்குறவுக தெரியலையாலே ஒனக்கு?”

மைத்துனன் அந்த வாக்கியத்தை வீடுவரை மனப்பாடம் செய்துகொண்டு வந்தான்.

தவறு எங்கே என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த ஆல்பம் லோடு ஏற்றி நிற்கும்போது, அதே சுவர், அதே கோடு, லோடோடு வைத்து மட்டம் பார்த்தேன். சாத்தூருக்குப் போய் வந்தேன். சாலை தெரிந்தது. யாரும் கும்பிடவில்லை. அதையும் குறித்து வைத்தேன்.

தேதி பார்க்கிறவன் சீசனைப் பார்க்கவில்லை. ஆவணி பிறந்ததும் ஆல்பம் முடிந்து அட்டைப்பெட்டி தொடங்கிவிட்டது. வெறும் கிப்ட் பாக்ஸ் வண்டி நிறைய ஏற்றினாலும், பார்வைக்குத்தான் மலை. தூக்கிப் பார்த்தால் காற்று. கல் மாதிரி ஆல்பம் சுமந்து மூக்கைத் தூக்கும் வண்டிக்கு வைத்த மட்டத்தோடு வெம்பக்கோட்டை ரோட்டில் விளக்கைப் போட்டால், வெளிச்சம் பம்பருக்கு முன்னால் ஒரு பாய் விரித்த மாதிரி விழுந்து கிடந்தது. பாய்க்கு அப்பால் கும்மிருட்டு. மாட்டுவண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டு போனேன். அப்படியும் சாலையைக் கடந்த செம்மறி ஆட்டுக்கூட்டம் பாய்க்குள் வந்த பிறகுதான் தெரிந்தது. ஆட்டுக்காரர் கம்பால் பானெட்டில் ஒரு தட்டுத் தட்டி, “வண்டியில இருக்கீகளா, எறங்கிட்டீகளா?” என்று கேட்டார்.

இந்த முறை பக்கத்தில் இருந்தவள் மனைவி. வீட்டு வாசலில் கையை மட்டும் நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

ஆவணியும் புரட்டாசியும் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து போனேன். மைத்துனன் ஒற்றைக் கையால் ஓட்டுவான், பாட்டைச் சத்தமாக வைப்பான், என்னைத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரச் சொல்வான். விளக்குத் திருகை இனி யாரும் தொடக்கூடாது என்பது மனைவியின் உத்தரவு; ஆகவே பொழுது சாய்ந்தால் அதே பாய்தான் அவனுக்கும்.

“தெரியுதா மாப்ள?”

“எனக்கு நல்லாத் தெரியுதே அத்தான்” என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்தச் சத்தத்தை நான் மிகவும் ரசித்தேன். ஆனால் அதை ஆதாரமாகச் சமர்ப்பித்தபோது, “பள்ளந்தானே, ஆடு இல்லையே” என்று மனைவி தள்ளுபடி செய்துவிட்டாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் வண்டியைக் கழுவி, குடோன் சுவருக்கு எதிரே நிறுத்தியிருந்தோம். மைத்துனன் எல்லா விளக்கையும் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். மனைவி உள்ளே உட்கார்ந்து பழைய சந்தனப்பொட்டுகளை ஈரத்துணியால் அழித்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் டேஷ்போர்டில் ஓர் இருக்கன்குடி அம்மன் ஸ்டிக்கர். வண்டி வாங்கி முதல் பூஜை போட்ட அன்று ஒட்டியது. ஒட்டியது யார் என்பதில் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. அம்மனின் வயிற்றுப் பக்கம் எப்போதும் கொஞ்சம் புடைத்திருக்கும். உள்ளே காற்று நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்தப் புடைப்பை அமுக்கி ஒட்டலாம் என்று மனைவி கட்டைவிரலால் கீழிருந்து மேலாக அழுத்தித் தேய்த்தாள்.

வண்டியின் முன்பக்கம் ‘ங்ர்ர்’ என்று ஒரு முனகல். சுவரில் கீழே கிடந்த வெளிச்சம் நிதானமாக மேலே ஏறி, ஆடி மாதத்து சாக்பீஸ் கோட்டில் போய் நின்றது.

மைத்துனன் துணியைக் கீழே போட்டான். “யக்கா! என்ன செஞ்ச?”

“நான் ஒண்ணும் செய்யலடா. ஆத்தா வயித்தத்தான் தடவுனேன்.”

“இன்னொருக்க தடவு!”

இன்னொரு முறை தேய்த்ததில் ஸ்டிக்கர் வயிற்றில் கிழிந்துவிட்டது. உள்ளே சின்னச் சக்கரம் ஒன்று. பூஜ்யம் முதல் மூன்று வரை எண் போட்டது. லோடுக்குத் தக்கபடி விளக்கை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏற்றி இறக்க வண்டி செய்தவர்கள் வைத்தது. நாங்கள் அதன் மேல் தெய்வத்தை ஒட்டி, தெய்வத்தின் மேல் வருஷா வருஷம் சந்தனமும் அப்பியிருந்தோம். சக்கரம் அதுவரை இறக்கமான பக்கத்திலேயே நின்றிருக்கிறது. பாரத்துக்கு மூன்று, காலிக்குப் பூஜ்யம். நான் லோடோடு வைத்த மட்டம் இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தியது. இதை என் திறமை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

கிழிந்த படத்தைக் குப்பையில் போடக்கூடாது என்று மனைவி மஞ்சள் துணியில் மடித்து, வெம்பக்கோட்டை அணையில் விடுவதற்காக வைத்தாள். புது அம்மனை, திருகு, சக்கரம், சுவிட்சு எதுவும் கீழே இல்லை என்று மூன்று பேரும் தடவிப் பார்த்த பிறகு, எதிர்ப்பக்கம் ஒட்டினாள்.

தீபாவளி சீசனின் கடைசிப் பெட்டி லோடுக்கு, மைத்துனன் இன்னொரு கம்பெனியில் மாட்டிக்கொண்டதால், சாவி வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தது. பக்கத்தில் மனைவி, மடியில் காராச்சேவு. சக்கரம் பூஜ்யத்தில். வெம்பக்கோட்டை ரோடு தாராளமாகத் தெரிந்தது.

“முன்னாடி சைக்கிளு” என்றாள்.

“தெரியுது.”

“நான் சொன்ன பெறகுதான தெரிஞ்சது?”

“அதுக்கு முன்னாடியே பிரேக்குல கால் வச்சாச்சு.”

அவள் என் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு கொஞ்சம் சேவை என் கையில் வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டவில்லை. சாவி என் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

ஆனால் வழக்கு முடியவில்லை. ஆனி மாதத்து அந்தச் சாயங்காலம் டிராக்டர் தெரியாமல் போனதற்குக் காரணம் பல்பா, அம்மனுக்கு அடியிலிருந்த சக்கரமா, என் கண்ணா? பழைய பல்புகள் இப்போது மைத்துனன் காரில் எரிகின்றன. சிவகாசியில் போட்டால் சாத்தூரில் தெரிகிறது என்கிறான். அவன் பக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்து போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பல்புகள் உண்மையிலேயே மங்கியிருந்தனவா என்பது இந்தத் தேதிவரை சரிபார்க்கப்படவில்லை.