கசந்த பிஞ்சு

உத்திரமேரூர் சந்தையில் வியாபாரி என் மூட்டையிலிருந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்து உடைத்தார். பச்சை வாசனை குப்பென்று ஏறியது. அம்மா நினைவில் வந்துவிட்டாள்.

சித்திரையில் எங்கள் கழனி முழுக்க வெள்ளரிதான். ஒரு வருஷம் கிணறு இறங்கிப்போய், கொடிக்கு அரைத் தண்ணீர்தான் பாய்ந்தது. தண்ணீர் பத்தாத பிஞ்சு கசக்கும். நைனா அதையும் மூட்டை கட்டிவிட்டார்.

விற்கிறவர்தான் முதலில் கடித்துக் காட்டவேண்டும். அது இந்தச் சந்தை வழக்கம். அம்மா கடித்தாள். முகம் சுளிக்காமல் மென்று விழுங்கிவிட்டு, "கசக்குது, வாங்காதப்பா" என்றாள் வியாபாரியிடம்.

நைனாவுக்கு மானமே போய்விட்டது. "இன்னாமே, சந்தைல வந்து பேஜார் பண்ணிக்கினு கீற!"

"அடுத்த வாரமும் இதே வாயாலதான நான் கடிச்சிக் காட்டணும்?"

மூட்டை மொத்தமும் மாட்டுக்குப் போனது. கோடை மழைக்குப் பிறகு பறித்த பிஞ்சைக் கடித்து அம்மா "தித்திப்பு" என்றபோது, வியாபாரி இன்னொன்றை எடுத்துப் பார்க்கவில்லை. நேரே தராசில் ஏற்றினார்.

"நீ கடிக்கிறியாக்கா?" இன்றைக்கு இந்த வியாபாரி பாதிப் பிஞ்சை நீட்டினார். அவருக்கு நான் புதுசு.

நறுக்கென்று கடித்தேன். தித்திப்பு. வாய் நிறைய மென்றுகொண்டே தராசைக் காட்டினேன்.