துரை கொடுத்த விதை

பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று, என் கணவர் ஒரு காகிதப் பொட்டலத்தைச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் கோட்டைக் கழற்றினார். பாலிகஞ்சில் குடியிருந்த அவருடைய துரை, தன் தோட்டத்துப் பூவிதையைக் கொடுத்திருந்தாராம். பதினொரு வருஷ உத்தியோகத்தில் துரை தன் கையால் அவருக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

"ஹாலிஹாக்னு பேர். ஆள் உசரம் வளருமாம். பூத்ததும் பார்க்க வரேன்னுட்டார்" என்றார்.

காளிகாட்டில் எங்கள் வாடகை வீட்டு வாசலை ஒட்டிக் கொஞ்சம் மண் கிடந்தது. அதைக் கொத்தி விதைத்தார். குளிர் ஆரம்பித்ததும் செடிகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. இலை ஒவ்வொன்றும் கையகலம். தொட்டால் மெத்தென்று இருந்தது. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, இது நம் துத்திக்கு உறவு.

அவருக்கோ அப்போது மூல உபத்திரவம். நாள் முழுக்க நாற்காலி உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் மணையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். வைத்தியரிடம் போக வெட்கம். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதற்குத் துத்தி இலையை நெய்யில் வதக்கிப் பருப்போடு சேர்த்துப் போடுவார்கள். அவர் ஆபீஸ் போனதும் அடியிலைகளில் நாலைந்து பறித்தேன்.

"என்ன கீரைடி இது? பேஷா இருக்கே!"

"இந்த ஊர்க் கீரை."

பத்தே நாளில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆபீஸுக்குப் புதிதாக வாங்கிப்போன இலவம்பஞ்சுத் திண்டுதான் காரணம் என்று நாலு பேரிடம் சொன்னார். நான் விடாமல் பறித்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் உச்சியில் சிவப்பாகப் பூத்தது. கீழே வெறும் குச்சி. பூச்சி அரிக்கிறது என்று அவர் பூதக்கண்ணாடியோடு தேடினார். தேடிக் களைத்து வந்து கீரையைச் சாப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துரையின் குதிரை வண்டி சந்துக்குள் வந்தது. துரை குனிந்து குச்சிகளைப் பார்த்து ஏதோ கேட்டார். என் கணவர் நான் நின்ற ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இங்கே ஆடு ஏதாவது வரதான்னு துரை கேக்கறார்."

அதற்கு மேல் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. "ஆடெல்லாம் இல்லே. நான்தான் பறிச்சேன். தினம் நீங்கதான் சாப்பிட்டேள்."

"நானா? எதுக்குடி?"

"எதுக்குன்னு துரை முன்னாடி சொல்லட்டுமா?"

அவர் முகம் அந்தப் பூவைவிடச் சிவந்தது. துரைக்குத் தமிழ் தெரியாது, நல்ல காலம். "உங்கள் சம்சாரம் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டிருக்கிறார். இவர் தடுமாறி இங்கிலீஷில் ஏதோ சொல்ல, துரை தொப்பியைக் கழற்றி, செடியைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தார். வண்டி போன பிறகுதான் விவரம் தெரிந்தது: இந்த இலையால் தினமும் சிவனுக்கு அர்ச்சனை செய்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு அந்தக் கீரை பண்ணலையா?" என்றார்.

மதராஸ்காரர்கள் ஹாலிஹாக்கைக் கும்பிடுகிறார்கள் என்று துரை தன் சிநேகிதர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வருஷம் பூஜை முடிந்ததும், முன்பின் தெரியாத மூன்று துரைமார்கள் எங்கள் வீட்டுக்கு விதை அனுப்பினார்கள்.