பூஜை போட்ட கம்ப்யூட்டர்

புதுவாயலில் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த அன்றே கம்ப்யூட்டர் என் உயிரை எடுத்துவிட்டது.

பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வி, ஆன்லைனில் அரசு வேலைக்கு அப்ளை செய்ய வந்திருந்தாள். அன்றுதான் கடைசி நாள். பாதி அடித்திருப்பேன், பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டேன். ரோட்டில் லாரி போய் மேசை அதிர்ந்தது, மறுபடி அணைந்தது.

"இன்னாக்கா, ஷிஃப்ட் பஸ் வந்துடும்" என்று செல்வி வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள்.

கரண்ட்டோ என்று பார்த்தால் ஃபேன் நன்றாகச் சுற்றியது. பிளக்கை மாற்றினேன். சூடாகியிருக்குமோ என்று சிபியுவைத் திறந்து தூசி தட்டினேன். அப்போதும் அணைந்தது. என் வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தால், "இப்பதான பூஜ போட்ட, அதுக்குள்ள இன்னா பேஜாரு?" என்கிறார். எரிச்சலில் வைத்துவிட்டேன்.

பூஜை என்றதும்தான் பவர் பட்டனைப் பார்த்தேன். நானே அழகாக அப்பிய சந்தனமும் குங்குமமும்! இடுக்கில் இறங்கிக் காய்ந்து, அழுத்திய பட்டனை முழுதாக மேலே வரவிடாமல் பாதியில் பிடித்திருந்தது. மேசை அதிரும்போதெல்லாம் அது தானாக அழுந்தியிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஊசியால் சுரண்டித் துடைத்தேன். பட்டன் 'டிக்'கென்று மேலே வந்தது. அப்ளிகேஷன் போய்ச் சேர்ந்ததும் செல்வி ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தாள்.

இப்போதும் பூஜை போடுகிறேன். பொட்டு மட்டும் பெட்டியின் தலையில். சாமிக்கே கண்ணை விட்டுவிட்டு நெற்றியில்தானே வைக்கிறோம்!