கண்டாக்கையா நட்ட கடல் சாமந்தி

கடலைக் கண்ணால் பார்க்க அரை நாள் பஸ்ஸில் மலை இறங்க வேண்டிய ஹட்டனில், கடல் மீன் தொட்டி வைத்துக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். 'அலங்கார மீன்கள்' என்று போர்டு மாட்டியும், கிலோ என்ன விலை என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்தவர் வீட்டில் எதையாவது பொருத்திவிட்டு, தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்து, தொட்டுவிட்டோம் என்ற போனுக்காகக் காத்திருப்பதுதான் உங்கள் தொழிலும் என்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். டிவி மெக்கானிக்கோ பல் வைத்தியரோ, நம் எல்லோருக்கும் ஒரே வயிற்றெரிச்சல்தான்.

இதெல்லாம் ஒரே ஒரு அனிமோனால் நான் பட்ட பாடு. கடல் சாமந்தி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். பார்த்தால் பூ. உண்மையில் அது பிராணி. இறால் தின்னும், கோபம் வந்தால் சுடும், இடம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து நடக்கும்.

பஸ்ஸில் வந்த விருந்தாளி

கொழும்பிலிருந்து அதைச் சூடு காக்கும் ரெஜிபோம் பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்கள். மலை ஏற ஏறக் குளிரும் என்பதால், எஞ்சின் சூடு படுகிற மாதிரி தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும்படி டிரைவரிடம் சொல்லியிருந்தேன். நல்ல மனிதர், அப்படியே செய்தார். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நான் பெட்டியைத் திறந்ததும் அவரும் எட்டிப் பார்த்தார்.

பைக்குள் பூவும் இல்லை, ஒன்றும் இல்லை. பிசைந்து வைத்த ரொட்டி மாவு மாதிரி ஓர் உருண்டை கிடந்தது. பயணக் களைப்பில் சுருங்கியிருக்கிறது, நல்ல தண்ணீர் கிடைத்ததும் விரியும் என்று நான் விளக்கினேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. பயணிகள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் சொன்னார்: "அக்கா, கொழும்புல ஏத்தும்போதே இது இப்பிடித்தான் இருந்திச்சு. பொறகு எங்க மேல பழி போட வேணாம்."

சொட்டுச் சொட்டாக

அதற்கு ஓடர் கொடுத்தவர் தலவாக்கலைப் பக்கம் இருக்கிற கண்டாக்கையா. தேயிலைத் தோட்டத்து மலைகளில் ஆள் பிரித்து வேலை வாங்கிய உத்தியோகம்; ரிட்டயர் ஆகியும் அந்தக் குரல் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. ஆனால் தொட்டி அவருடையது அல்ல, அவர் மனைவி ரோசலின் டீச்சருடையது. நீர்கொழும்புக் கடற்கரையில் பிறந்து, கல்யாணமாகி இந்தக் குளிருக்கு ஏறி வந்தவர் டீச்சர். நகக்கண் அளவு பவளத் துண்டுகளாக என்னிடம் வாங்கி, உள்ளங்கை அளவுக்கு வளர்த்து வைத்திருந்தார். அந்தத் தொட்டியில் இறக்கத்தான், டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கல்யாண நாள் பரிசாக ஐயா அனிமோன் வரவழைத்திருந்தார்.

பெட்டியோடு நான் போய் நின்றதும் டீச்சர் கேட்ட முதல் கேள்வி, இது செத்தால் என்ன ஆகும் என்பது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரைந்து தண்ணீரை விஷமாக்கும், பவளம், கோமாளி மீன் எல்லாம் கூடவே போகும் என்றேன். டீச்சர் ஐயாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். எனக்கே குளிரெடுத்தது.

பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தினேன். பிறகு ஒரு வாளியில் இறக்கி, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். உப்பும் சூடும் திடீரென்று மாறினால் அது தாங்காது. தேத்தண்ணி ஆறுகிறது, பேசாமல் தூக்கி ஊற்றிவிடு மகள் என்று ஐயா அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். இப்படிப் பழக்கினால்தான் பிழைக்கும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் டீச்சர் வாளியைப் பார்த்தபடியே சொன்னார்: "கல்யாணம் முடிஞ்சி இந்த மலைக்கு வந்தப்ப என்னைய யாரும் இவ்வளவு மெதுவா பழக்கிவிடல்ல."

இழுத்துப் பார்த்தல்

ஒரு பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். அடிப்பாகம் ஒட்டிப் பிடிக்கும்வரை அலை மோட்டாரை நிறுத்தி வைத்து, பிடித்ததும் ஓடவிட்டேன். மோட்டார் வாயில் பஞ்சு கட்டினேன், நடக்கிற பிராணி அதற்குள் போனால் கீரையரிந்த மாதிரி ஆகிவிடும். இனி யாரும் தொடக்கூடாது, இடத்தை அதுவே தேடிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று தெரியும்.

மறுநாள் காலை டீச்சரின் போன். ஓடிப்போய்ப் பார்த்தால், அனிமோன், வருகிறவர்கள் உட்காரும் ஹோல் பக்கக் கண்ணாடிக்கு நேரே, தொட்டியின் நட்ட நடுவில், மணலில் குழி தோண்டி நடப்பட்டிருந்தது. சுற்றி மண் அணைத்து, கட்டைவிரலால் அமுக்கிய தடம்கூட இருந்தது. இளந்தேயிலைக்கு வெயில் படாமல் பெரணி குத்துவதுபோல், மேலே ஒரு பிளாஸ்டிக் இலை வேறு. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேர் பிடித்துவிட்டதா என்று ஐயா இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார். அதன் அடிப்பாகம் கிழிந்தால் முடிந்தது கதை.

நல்ல காலம், கிழியவில்லை. மண்ணை விலக்கி மெதுவாகப் பாறைக்கே மாற்றினேன். உங்களை யார் இழுத்துப் பார்க்கச் சொன்னது என்று கேட்டேன், கொஞ்சம் உரக்கத்தான். ஐயா அசரவில்லை: "இழுத்துப் பாக்காம எந்தக் கங்காணி நட்ட கன்னையும் நான் சரின்னு சொன்னதில்ல மகள்."

வடி

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சொந்தக்காரர்கள் வருவதாக இருந்தது. ஐயா தொட்டியை அழகுபடுத்தினார். பாத்திரம் கழுவுகிற பஞ்சு மாதிரி அசிங்கமாகத் தெரிகிறது என்று மோட்டார் வாயிலிருந்ததைக் கழற்றி வீசிவிட்டார். நட்டுப் பிடுங்கிய கோபமோ என்னவோ, அனிமோனும் அன்றைக்கே கிளம்பிவிட்டது.

டீச்சர் எனக்குப் போன் எடுத்தபோது அது கண்ணாடியில் ஒட்டியபடி மோட்டாரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நல்ல மழை, பாதையில் மண் சரிந்து பஸ் நின்றிருந்தது. நான் போக வழியில்லை. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். ஆனால் நிறுத்தியே வைத்தால் தண்ணீர் ஓட்டமில்லாமல் பவளங்கள் திணறும். வீட்டில் வேறு பஞ்சும் இல்லை. டீச்சர் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போவது கேட்டது. பிறகு அலுமாரி திறக்கிற சத்தம், ஐயா என்னவோ முறையிடுகிற சத்தம்.

தேத்தண்ணி வடிகட்டுகிற பிளாஸ்டிக் வடியின் கைப்பிடியை உடைத்து, மோட்டார் வாயில் கவிழ்த்து, தூண்டில் நைலோனால் கட்டிவிட்டார் டீச்சர். மோட்டார் ஓடியது. அனிமோன் வடிமேல் ஏறி, ருசி பார்த்துவிட்டு, விலகிப் போனது. என்ன நடக்கிறது என்று தெரியாமல் நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் ஐயாதான் எடுத்தார், ரொம்பத் தாழ்ந்த குரலில்: "தொட்டி தப்பிச்சிரிச்சி மகள். வந்தவங்களுக்கு எல தூளோட தேத்தண்ணி குடுத்துக்கிட்டு இருக்கேன்."

அது பிடித்த இடம்

பாதை திறந்ததும் போனேன். ஹோல் பக்கம் ஐயா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டியில் அனிமோனைக் காணோம். செத்துக் கரைந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

அந்தத் தொட்டி ஹோலுக்கும் குசினிக்கும் நடுச் சுவரில் பொருத்தியது, இரண்டு பக்கமும் கண்ணாடி. குசினிக்குள் போய்ப் பார்த்தேன். பாறையின் பின்புறம், அடுப்படியைப் பார்த்தபடி, அது முழுசாக விரிந்திருந்தது. வாய் இறுக மூடி, நிறம் ஏறி, அடி கெட்டியாகப் பிடித்திருந்தது. அது சுடாமல் விடுகிற கோமாளி மீன் இரண்டும் அதற்குள் புரண்டுகொண்டிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐயா மட்டும், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி முன்பக்கம் திருப்ப வழி இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். டீச்சர் வெங்காயம் உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "இருக்கட்டும். எனக்குன்னுதான் வாங்கினதுன்னு அதுக்காவது தெரிஞ்சிருக்கே."

அனிமோனுக்கு இடம் பிடித்துக்கொடுக்க யாராலும் ஆகாது. அது இடம் பிடிக்கும்வரை மனுஷர் கையைப் பிடித்து வைப்பதற்குத்தான் எனக்குக் கூலி.